கையால் பூட்டிய விண்வெளி நிலையம்: கேள்வி பதில்

மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் மாவட்டம் நம்முடையது. அதனால் விண்வெளி என்றதும் நெருப்பும் முழக்கமும்தான் நமக்கு முதலில் நினைவுக்கு வருகின்றன. இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் வேறொன்றைப் பற்றியவை. 400 கிலோமீட்டர் உயரத்தில் மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் சர்வதேச விண்வெளி நிலையத்தை, மனிதர்கள் வெளியே இறங்கி எப்படிப் பூட்டினார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டவர்களில் பலர் கைத்தொழில் செய்பவர்கள். அதில் எனக்குத் தனி மகிழ்ச்சி, ஏனென்றால் அந்த நிலையம் அடிப்படையில் ஃபிட்டர்களின் வேலை.

பணகுடியில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர்: அண்ணாச்சி, ஒவ்வொரு துண்டாகக் கொண்டுபோய் மேலே வெல்டிங் வைத்தா சேர்த்தார்கள்?

இல்லை. சர்வதேச விண்வெளி நிலையத்தை இணைப்பதில் வெல்டிங்குக்கு இடமே தரவில்லை. எல்லாம் போல்ட், கொக்கி, கனெக்டர்தான். அமெரிக்கப் பகுதியில் ஒரு கூடத்தை இன்னொன்றோடு சேர்க்கும் வளையத்தில் மோட்டாரால் திருகப்படும் 16 போல்ட்டுகள் இருக்கும். ரஷ்யப் பகுதிகள் தாமாகவே வந்து மோதிக் கொக்கிகளால் பூட்டிக்கொள்பவை.

ஆனால் கூடுகளைப் பூட்டிவிட்டால் வேலை முடிந்துவிடாது. முதல் பகுதியான ஸர்யா 1998 நவம்பர் 20 அன்று ஏவப்பட்டது. டிசம்பரில் எண்டெவர் விண்கலம் யூனிட்டி என்ற இரண்டாவது பகுதியைக் கொண்டுபோய் அதோடு சேர்த்தது. அப்போது யூனிட்டிக்குள் மின்சாரம் கிடையாது. டிசம்பர் 7 அன்று ஜெர்ரி ராஸும் ஜேம்ஸ் நியூமனும் வெளியே போய், ஏழு மணி நேரத்துக்கு மேல் தொங்கியபடி 40 கேபிள்களையும் கனெக்டர்களையும் ஒவ்வொன்றாகச் செருகினார்கள். அதன் பிறகே யூனிட்டிக்கு உயிர் வந்தது.

உங்கள் தொழிலுக்கும் மேலே ஒரு வரலாறு உண்டு. 1984 ஜூலையில் சோவியத் நாட்டின் சல்யூட் 7 விண்வெளி நிலையத்துக்கு வெளியே, அந்நாட்டு வீராங்கனை ஸ்வெத்லானா சவீத்ஸ்கயா கையில் கருவி பிடித்து உலோகத்தை வெட்டியும் பற்றவைத்தும் காட்டினார். விண்வெளியில் நடந்த முதல் பெண்ணும் அவரே.

திருநெல்வேலி டவுன், கல்லூரி மாணவர்: எடையே இல்லாத இடத்தில் பத்து டன் பாகத்தை ஒரு விரலால் தள்ளிவிடலாமே! பிறகு ஏன் இதைக் கடினமான வேலை என்கிறார்கள்?

தள்ளலாம் தம்பி. நிறுத்துவதில்தான் கதை இருக்கிறது. எடை போய்விட்டாலும் நிறை அப்படியே இருக்கிறது. ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர் நகரத் தொடங்கிய பிறகு, சக்கரத்தடியில் கட்டை கொடுக்கிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். இழுக்கும் கூட்டத்தைவிட அவர்கள் கையில்தான் பொறுப்பு அதிகம். மேலே உராய்வும் இல்லை, கட்டை கொடுக்கத் தரையும் இல்லை. கொஞ்சம் வேகமாகத் தள்ளிவிட்டால் அந்தப் பாகம் அதே வேகத்தில் போய் நிலையத்தில் இடிக்கும். நடுவில் அகப்பட்ட கையை நசுக்கும். ஆகவே பெரிய பாகங்களை ரோபோ கை பிடித்துக்கொண்டுபோய் மிக மெதுவாகப் பொருத்தும். மனிதர்கள் பக்கத்தில் இருந்து வழி சொல்வார்கள், போல்ட் திருகுவார்கள்.

பயிற்சியில் இது ஒரு சிக்கல். ஹூஸ்டனில் 12 மீட்டர் ஆழத்தில், இரண்டு கோடி லிட்டருக்கும் அதிகமான தண்ணீருடன் ஒரு குளம் கட்டியிருக்கிறார்கள். அதற்குள் நிலையத்தின் மாதிரி கிடக்கிறது. வெளியே செய்யவேண்டிய ஒவ்வொரு வேலையையும் அங்கே பலமுறை செய்து பார்ப்பார்கள். ஆனால் தண்ணீரின் தடை காரணமாக, தள்ளுவதை நிறுத்தினால் பொருளும் நின்றுவிடும். மேலே நிற்காது. அந்தப் பழக்கத்தை விண்வெளிக்குப் போனதும் மறக்க வேண்டும்.

அம்பாசமுத்திரம், ஐடிஐ ஃபிட்டர் பிரிவு மாணவர்: என்ன ஸ்பேனர் பயன்படுத்துகிறார்கள்?

பேட்டரியில் ஓடும் துப்பாக்கிப் பிடி வடிவக் கருவி. எத்தனை சுற்று, எவ்வளவு முறுக்குவிசை என்று முன்கூட்டியே அதில் அமைத்துக்கொள்வார்கள். கருவியைவிட முக்கியமானது காலை எங்கே வைக்கிறோம் என்பது. காலைப் பூட்டாமல் போல்ட்டைத் திருகினால் ஆள் எதிர்ப்பக்கம் சுற்றிவிடுவார். வேலை செய்யும் இடத்துக்கெல்லாம் கால் பிடிமானத்தைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பொருத்துவதற்கே நிறைய நேரம் போகிறது.

வள்ளியூர், செவிலியர்: அவ்வளவு நேரம் உழைத்தால் உடம்பு என்ன பாடுபடும்?

முதலில் அடிபடுவது கைதான் அம்மா. உடைக்குள் காற்றழுத்தம் நாம் இங்கே வாழும் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. வெளியே வெற்றிடம் என்பதால் அந்த அழுத்தமே கையுறையை விறைக்கச் செய்துவிடுகிறது. ஒவ்வொரு முறை விரலை மடக்கும்போதும் அந்த விறைப்பை எதிர்த்து மடக்க வேண்டும். ஆறேழு மணி நேரம் இப்படி. விரல் நகங்கள் கன்றிப்போவதும், சிலருக்குக் கழன்றே விடுவதும் உண்டு. முன்கை வலியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அழுத்தத்தைக் குறைத்திருப்பதற்குக் காரணம், முழு அழுத்தம் இருந்தால் விரலை அசைக்கவே முடியாது என்பதுதான். ஆனால் திடீரென்று குறைந்த அழுத்தத்துக்குப் போனால் ஆழ்கடலில் முக்குளித்து வேகமாக மேலே வருபவருக்கு நேர்வதே இங்கும் நேரும். ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகக் கிளம்பும். அதைத் தவிர்க்க, வெளியே போகுமுன் தூய ஆக்சிஜனைச் சுவாசித்து நைட்ரஜனை வெளியேற்றிவிடுகிறார்கள். முந்தின இரவே அழுத்தம் குறைத்த அறையில் படுத்துறங்கும் முறையும் இருந்தது.

நாங்குநேரி: சாப்பாடு, இயற்கை உபாதை?

உடைக்குள் குடிநீர்ப் பை உண்டு. உறிஞ்சிக் குடிக்கலாம். சாப்பாடு திரும்பி வந்த பிறகுதான். மற்றதற்கு, பெரியவர்களுக்கான உறிஞ்சும் உள்ளாடை.

வீரவநல்லூர், தறி நெய்யும் குடும்பத்துப் பெண்: அண்ணாச்சி, விண்வெளியில் கிழிசல் தைத்த கதை ஒன்று கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மை. என்னைக் கேட்டால், விண்வெளி நடைகளிலேயே மிக உயர்ந்த கைவேலை அதுதான்.

2007 அக்டோபர் 30 அன்று, இடம் மாற்றிய ஒரு சூரியத் தகட்டை மறுபடி விரித்துக்கொண்டிருந்தார்கள். வழிகாட்டும் கம்பி ஒன்று சிக்கி, தகடு இரண்டு இடங்களில் கிழிந்தது. பாதி விரிந்த நிலையில் விட்டுவைக்க முடியாது. அதற்கு உறுதி இருக்காது. கழற்றி எறிந்தால் அடுத்து வரவிருந்த ஐரோப்பிய, ஜப்பானிய ஆய்வுக்கூடங்களுக்கு மின்சாரம் போதாது. இப்படி ஒன்று நடக்கும் என்று யாரும் பயிற்சி எடுத்திருக்கவில்லை. கீழே இருந்த பொறியாளர்கள் இரவு பகலாக யோசித்து வழி சொல்ல, மேலே இருந்தவர்கள் நிலையத்தில் கிடைத்த கம்பியையும் அலுமினியத் தகட்டையும் வைத்து, கிழிசலின் இரு பக்கத்தையும் இழுத்துப் பிடிக்கும் ஐந்து இணைப்புகளைச் செய்தார்கள்.

நவம்பர் 3 அன்று ஸ்காட் பராஸின்ஸ்கி அவற்றோடு வெளியே போனார். நிலையத்தின் ரோபோ கை அந்த இடத்தை எட்டவில்லை. அதன் நுனியில் விண்கலத்தின் நீண்ட ஆய்வுத்தண்டைப் பிடிக்கவைத்து, அதன் முனையில் அவர் நின்றார். சூரிய ஒளி படும் தகட்டை அணைத்துவைக்க வழியில்லை. 100 வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தது. கருவிகளின் உலோகப் பகுதிகளையெல்லாம் மின்கடத்தா நாடாவால் சுற்றியிருந்தார்கள். தகடு அசைந்து அவர்மேல் படாமல் தள்ளிப்பிடிக்க ஹாக்கி மட்டை வடிவத்தில் ஒரு கருவி. டக் வீலாக் தகட்டின் அடிப்பக்கம் நின்று கண்காணித்தார். துளையில் கோத்து, இழுத்து, சிக்கிய கம்பியை வெட்டி, ஏழு மணி நேரத்துக்கு மேல் வேலை. பிறகு தகட்டை முழுவதும் விரித்தார்கள். நின்றது. இழை அறுந்தால் அதே பாவில் முடிச்சுப் போட்டுத் தறியை ஓடவிடும் உங்கள் வீட்டாருக்கு அந்தப் பொறுமை புரியும்.

2012இல் சுனிதா வில்லியம்ஸும் அகிஹிகோ ஹோஷிதேவும் செய்ததும் இதே வகை. மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் ஒரு பெட்டியின் போல்ட் இறுகாமல் அடம்பிடித்தது. எட்டு மணி நேரம் முயன்றும் நடக்கவில்லை. செப்டம்பர் 5 அன்று, பல் துலக்கும் பிரஷையும் கேபிள் கம்பியில் செய்த பிரஷையும் கொண்டுபோய்த் துளையைச் சுத்தம் செய்து, மசகிட்டு, பூட்டிவிட்டார்கள்.

ராதாபுரம், காற்றாலையில் ஏறிப் பழுதுபார்ப்பவர்: எங்களுக்கு இடுப்புக் கச்சையும் கொக்கியும் இருக்கின்றன. அவர்களுக்கு?

அதே ஒழுங்குதான். ஒரு கொக்கியை மாட்டிய பிறகே மற்றதைக் கழற்ற வேண்டும். இடுப்பிலிருந்து மெல்லிய எஃகுக் கயிறு நிலையத்தோடு கட்டியிருக்கும். அதுவும் அறுந்தால், முதுகில் நைட்ரஜன் பீய்ச்சித் திரும்பி வர உதவும் சிறிய கருவி ஒன்று உண்டு. கருவிகளையும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். 2008 நவம்பரில் ஹெய்டிமேரி ஸ்டெஃபனிஷின்-பைப்பரின் கருவிப் பை நழுவிப் போனது. அது நேரே கீழே விழவில்லை. பூமியைச் சுற்றிக்கொண்டே இறங்கி, 2009 ஆகஸ்டில் வளிமண்டலத்தில் எரிந்துபோனது.

கயிறு என்ன செய்யும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. 2013 ஜூலை 16 அன்று லூக்கா பார்மிட்டானோவின் தலைக்கவசத்துக்குள் குளிரூட்டும் தண்ணீர் கசிந்து கண், மூக்கு, காது வரை மூடியது. அந்த நேரம் பார்த்துச் சூரியனும் மறைந்துவிட்டது. தன் கயிறு இழுக்கும் திசையைப் பிடித்துக்கொண்டே அவர் வாசலுக்குத் திரும்பினார். கச்சை கட்டுவதில் சலிப்புக் காட்டும் இளம் தொழிலாளிகளிடம் இதைச் சொல்லுங்கள்.

விக்கிரமசிங்கபுரம்: இங்கிருந்து தெரியுமா?

தெரியும். பொழுது சாய்ந்த பிறகோ விடியுமுன்னோ, மினுக்காமல் சீராக நகரும் ஒளி. உங்களுக்கு மேற்கே பொதிகை மறைப்பதால் தலைக்கு மேலேயும் கிழக்கேயும் வரும் நாட்களைத் தேர்ந்தெடுங்கள். நாசாவின் ‘ஸ்பாட் தி ஸ்டேஷன்’ செயலியில் உங்கள் ஊருக்கான நேரம் கிடைக்கிறது.

பாளையங்கோட்டை, பிளஸ் ஒன் மாணவி: அண்ணாச்சி, இந்தியா கட்டப்போகும் நிலையத்தில் நான் இப்படி வேலை செய்ய வேண்டும் என்று ஆசை. என்ன படிக்கலாம்?

ஆசை நியாயமானது மகளே. இந்திய நிலையத்தின் முதல் பகுதியை 2028இல் ஏவி, 2035க்குள் முழுமையாக்குவது திட்டம். 2025 ஜனவரி 16 அன்று இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் என்ற சோதனைக் கலங்கள் இரண்டும் விண்வெளியில் இணைந்தது அதற்கான முதல் படி. பகுதிகள் தாமாகவே வந்து இணையும் முறை வளர்ந்துவிட்டதால் வெளியே போகும் வேலை குறையலாம். பழுதுபார்க்க ஆள் எப்போதும் வேண்டும்.

மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் இந்தியத் திட்டமான ககன்யானுக்குத் தேர்வான நால்வரும் விமானப்படை விமானிகள். நிலையம் என்று வந்துவிட்டால் பொறியாளர்களும் மருத்துவர்களும் தேவைப்படுவார்கள். பராஸின்ஸ்கி மருத்துவம் படித்தவர், ராஸ் இயந்திரப் பொறியாளர். எதைப் படித்தாலும் கைவேலையை விட்டுவிடாதே; வீட்டில் மிக்ஸி பழுதானால் கழற்றிப் பார். நீச்சலும் கற்றுக்கொள். நாசாவின் பயிற்சியில் 25 மீட்டர் குளத்தை மூன்று முறை நிற்காமல் கடக்க வேண்டும், பிறகு விமானி உடையும் ஷூவும் அணிந்து அதையே மறுபடி செய்ய வேண்டும். பத்து நிமிடம் தரை தொடாமல் மிதந்து நிற்கவும் வேண்டும். தாமிரபரணிக் கரையில் இருக்கிறாய். தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, வெள்ளம் இல்லாத நாளாகப் பார்த்து, இந்தக் கோடையிலேயே தொடங்கிவிடு.