மருத்துவக் கல்லூரி இடமும் வேண்டாம், 90,000 டாலர் நடிப்புப் பள்ளியும் வேண்டாம்

போன மாதம் நியூ ஜெர்சி எடிசனிலிருந்து ஒரு குடும்பம் மேற்படிப்பு ஆலோசனை கேட்டு என்னைப் பார்க்க வந்தது. அப்பாவுக்கு மென்பொருள் வேலை, அம்மா மருந்துக்கடையில் ஃபார்மசிஸ்ட், மகள் 11-ஆம் வகுப்பு. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் அம்மா ஆரம்பித்துவிட்டார்: "இவளுக்கு நடிக்கணுமாம் மேடம். அதுவும் ஹீரோயினா இல்லையாம். வயசான பாட்டி, பக்கத்து வீட்டுக்காரி, ஆஸ்பத்திரி நர்ஸ், அந்த மாதிரி வேஷம்தான் பிடிக்குமாம். இதை நாங்க வெளியே எப்படிச் சொல்றது?"

ஹூஸ்டனில் இருக்கும் பெரியப்பா இதய மருத்துவர். பள்ளி முடித்த கையோடு மருத்துவ இடத்தையும் உறுதி செய்துகொடுக்கும் பிஎஸ்-எம்டி படிப்புகளின் பட்டியலைத் தேதி வாரியாக அனுப்பிவைத்திருக்கிறார். அத்தை கொஞ்சம் இறங்கி வந்து, "நடிப்புதான்னா நியூயார்க்கில் பெரிய பேர் உள்ள இடத்தில் படிக்கட்டும், நாலு பேர்கிட்ட சொல்லிக்க வேண்டாமா" என்கிறார். வாட்ஸப் குழுவில் இன்னொரு சித்தி மைத்ரேயி ராமகிருஷ்ணனின் படத்தைப் போட்டு, "நம்ம பொண்ணும் இப்படி வருவா" என்று எழுதியிருக்கிறார். ஏறத்தாழ 15,000 பேர் விண்ணப்பித்த பொதுத் தேர்வில் 17 வயதிலேயே நெட்ஃபிளிக்ஸ் தொடரின் நாயகி ஆனவர் அந்தக் கனடாத் தமிழ்ப்பெண். அவரை நினைத்து எனக்கும் பெருமைதான். ஆனால் 15,000 பேரில் ஒருவருக்கு நடந்ததை வைத்து ஒரு குடும்பம் திட்டம் போட முடியாது.

முதல் பத்து நிமிடம் நானும் ஆறுதல்தான் சொன்னேன். அப்புறம் நிறுத்திக்கொண்டேன். ஆறுதலோடு அனுப்பினால் வீட்டுக்குப் போய் மறுபடி பெரியப்பாவைத்தான் கேட்பார்கள். அன்று அவர்களிடம் நேராகச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன், இதே குழப்பத்தில் இருக்கும் வீடுகள் இன்னும் சில எனக்குத் தெரியும் என்பதால்.

அமெரிக்க நாடக மேடையிலும் தொலைக்காட்சியிலும் குணச்சித்திர நடிகை என்பது ஒரு தனித் தொழில். நாயகியாக முடியாதவர்கள் ஒதுங்கும் இடம் என்று அதை நினைக்காதீர்கள். அதற்கென்று ஒரு வயதுக் கணக்கு இருக்கிறது, அது மற்ற நடிப்பு வாழ்க்கையின் கணக்குக்கு நேர் எதிர். ஆன் டௌட் என்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். மாசசூசெட்ஸ் மாநிலம் ஹோலியோக்கில் 1956-இல் பிறந்தவர். வூஸ்டரில் உள்ள ஹோலி கிராஸ் கல்லூரியில் மருத்துவப் படிப்புக்கு முன்னோடியான ப்ரீமெட் படித்து 1978-இல் பட்டம் வாங்கினார். மருத்துவம் படிக்கப் போகாமல் சிகாகோ போய், டிபால் பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளியில் முதுநிலை நடிப்புப் படிப்பில் சேர்ந்தார். உணவகத்தில் பரிமாறும் வேலை பார்த்துக்கொண்டே சிகாகோ மேடைகளில் நடித்தார். நியூயார்க்கின் பெரிய நாடக மேடையான பிராட்வேயில் அவர் முதலில் கால் வைத்தது 1993-இல். அப்புறம் சின்னச் சின்ன வேடங்கள்: ஒரு படத்தில் நாயகனின் அக்கா, இன்னொன்றில் நாயகியின் அம்மா, தொலைக்காட்சித் தொடரில் ஒரு கன்னியாஸ்திரி. முகம் பார்த்த முகமாக இருக்கும், பெயர் யாருக்கும் தெரியாது. 2012-இல் ஒரு சிறு படத்தில் துரித உணவுக்கடை மேலாளராக நடித்து நேஷனல் போர்ட் ஆஃப் ரிவ்யூ விருது வாங்கியபோதுகூட, ஆஸ்கர் வாக்காளர்களுக்குப் படத்தின் டிவிடிகளை அனுப்பத் தன் கையிலிருந்து 13,000 டாலர் அளவுக்குச் செலவழித்தார். 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' தொடரில் லிடியா அத்தையாக நடித்து 2017-இல் தொலைக்காட்சிக்கான எம்மி விருது வாங்கும்போது வயது 61.

ஒரு விதிவிலக்கைச் சொல்லி மயக்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். மார்கோ மார்ட்டிண்டேல் முதல் எம்மி வாங்கியது 60 வயதில். எஸ். எபேதா மெர்க்கர்சன் டெட்ராய்ட்டின் அரசுப் பல்கலைக்கழகமான வெய்ன் ஸ்டேட்டில் படித்து முடித்தவர். குழந்தைகள் நிகழ்ச்சியில் தபால்காரப் பெண்ணாக நடித்து, மேடை நடிப்புக்காக டோனி விருதுப் பரிந்துரை வாங்கி, 1993-இல் 'லா அண்ட் ஆர்டர்' தொடரில் காவல் அதிகாரியாக நுழைந்தார். 2010 வரை அதே வேடம். 17 ஆண்டு நிரந்தர வேலை என்பது மென்பொருளில் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது என்று அந்த அப்பாவிடமே கேட்டேன்.

டௌட் கதையைக் கேட்டதும் அப்பா சட்டென்று பிடித்துக்கொண்டார். "அவங்க ப்ரீமெட் முடிச்சிட்டுத்தானே போனாங்க? இவளும் முடிக்கட்டுமே." எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ப்ரீமெட்டில் ஆய்வக வகுப்புகள் பிற்பகலைத் தின்னும், படிப்பு மாலையைத் தின்னும். ஒத்திகை நடப்பதும் மாலையில்தான். கரிம வேதியியலில் மனம் ஒட்டாத பெண் அங்கே வாங்கப்போகிற ஜிபிஏ, அதாவது சராசரி மதிப்பெண், மருத்துவக் கல்லூரி வாசலைக்கூடத் தொடாது. மேடையும் போய், டாக்டரும் ஆகாமல், 22 வயதில் நிற்பாள். அவளுக்கு மருத்துவத்தில் ஒரு துளி நாட்டம் இருந்திருந்தாலும் நான் வேறு மாதிரி பேசியிருப்பேன். கேட்டேன், இல்லை என்றாள். பெரியப்பாவின் பட்டியலை அதோடு மடித்து வைக்கச் சொன்னேன்.

நாட்டம் உண்மையா, வெறும் ஆசையா என்று பார்க்க நான் வழக்கமாக ஒன்றுதான் கேட்பேன்: வேஷம் கிடைக்காத ஆண்டு என்ன செய்தாய்? 10-ஆம் வகுப்பில் பள்ளி நாடகத்தில் அவளை எடுக்கவில்லை. மேடைக்குப் பின்னால் நாடகப் பொருள்கள் வைக்கும் மேசையைப் பார்த்துக்கொண்டாளாம். எந்தக் கோப்பை எந்தக் காட்சிக்கு என்று டேப் ஒட்டி எழுதி, கடைசி நாள் அரங்கத்தைப் பிரித்துக் கழுவும்வரை இருந்தாளாம். அடுத்த ஆண்டு 70 வயதுக் கிழவி வேடம். "அதுக்கு எப்படித் தயார் பண்ணின?" என்றேன். பையிலிருந்து நாலு குவார்ட்டர், அதாவது 25 சென்ட் காசை எடுத்து மேசையில் வைத்தாள். அபார்ட்மென்ட் துணி துவைக்கும் அறையில் ஒரு வயதான அம்மாவைப் பார்த்திருக்கிறாள். கண் சரியாகத் தெரியாததால் அவர் காசைப் பார்க்க மாட்டார், ஓரத்தைக் கட்டைவிரலால் தடவி எண்ணுவார். அவள் எண்ணிக் காட்டினாள். தோள் லேசாக இறங்கியது, நாலாவது காசில் கை தயங்கித் திரும்ப ஒருமுறை தடவியது. அம்மா அதுவரை பேசிக்கொண்டே இருந்தவர், பேச்சை நிறுத்திவிட்டார்.

இனி பணம். இதில் நான் யாருக்கும் வளைந்துகொடுப்பதில்லை. அத்தை சொல்லும் வகையான நியூயார்க் தனியார் பல்கலைக்கழகத்தில் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 90,000 டாலரைத் தாண்டும். 4 ஆண்டுக்கு 3,60,000. பெற்றோர் பெயரில் வாங்கும் அரசுக் கடனான பேரன்ட் ப்ளஸுக்கு வட்டி ஏறக்குறைய 9 சதவீதம். 2026 ஜூலை முதல் புதிதாக வாங்குவோருக்கு ஒரு பிள்ளைக்கு மொத்தமே 65,000 டாலர்தான் உச்சவரம்பு. மீதிக்குத் தனியாரிடம்தான் போக வேண்டும். 2,00,000 டாலரை 9 சதவீத வட்டியில் 10 ஆண்டில் அடைக்க மாதம் 2,500 டாலருக்கு மேல் கட்ட வேண்டும். நடிகர் சங்கமான சாக்-ஆஃப்ட்ராவின் மருத்துவக் காப்பீட்டுக்குத் தகுதி பெற நடிப்பில் ஆண்டுக்கு 27,000, 28,000 டாலர் அளவில் சம்பாதித்தால் போதும். அந்த அளவைக்கூட எட்டுவது உறுப்பினர்களில் 100-க்கு 13, 14 பேர்தான் என்பதை 2023 வேலைநிறுத்தத்தின்போது சங்கமே சொன்னது. இந்த வருமானத்தில் அந்தக் கடனை யார் கட்டுவது?

சில ஆண்டுகளுக்கு முன் இதே மாதிரி ஒரு மாணவியை, பெயருக்காகவே, அப்படியோர் இடத்துக்குப் போகலாம் என்று நானே சொன்னேன். நல்ல நடிகை. படித்து முடித்த இரண்டாம் ஆண்டே தவணை கட்ட முழுநேர அலுவலக வேலைக்குப் போனாள், பகல்நேர ஆடிஷன் ஒன்றுக்கும் போக முடியவில்லை. திறமை குறைந்து அவள் விலகவில்லை. 45 வயதில் பலன் தரும் தொழிலுக்கு 25 வயதிலேயே கழுத்தை நெரிக்கும் கடனோடு அனுப்பியது என் தவறு. அதைத் திரும்பச் செய்ய மாட்டேன்.

சரி, என்ன செய்யலாம்? ஹாலிவுட்டுக்குக் குடிபோவது, விளம்பர ஏஜென்சிகள், சிறு வயதிலேயே ஏஜென்ட் பிடிப்பது பற்றியெல்லாம் எல்லோரும் பேசுவார்கள், நான் தாண்டிப் போகிறேன். யாரும் பேசாத ஒன்று இருக்கிறது: கட்டணமே இல்லாத முதுநிலை நடிப்புப் படிப்பும், அது கொண்டுபோய்விடும் பிராந்திய நாடக மன்றங்களும்.

யேல் பல்கலைக்கழக நாடகப் பள்ளிக்கு 2021-இல் படத் தயாரிப்பாளர் டேவிட் கெஃபன் 15 கோடி டாலர் கொடுத்தார். அன்றிலிருந்து அங்கே முழுநேர மாணவர்கள் யாருக்கும் கல்விக் கட்டணம் கிடையாது. வீட்டு நிலைமையைப் பார்த்து வாழ்க்கைச் செலவுக்கும் உதவித்தொகை தருகிறார்கள். 3 ஆண்டுப் படிப்பு, நடிப்புக்கு ஆண்டுக்கு 16 பேர் அளவில்தான் எடுப்பார்கள். சான் டியகோவில் ஓல்ட் குளோப் நாடக மன்றமும் சான் டியகோ பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் படிப்பில் 7 பேர்தான், கட்டணம் இல்லாததோடு கைச்செலவுக்கும் பணம் தருவார்கள். நியூயார்க்கின் ஜூலியார்ட் கலைப் பள்ளியின் முதுநிலை நடிப்புப் படிப்பிலும் இப்போது கட்டணத்தை நீக்கியாயிற்று. நுழைவு, ஆடிஷன் வழியாக. பொதுவாக இரண்டு தனிப்பேச்சுகள், ஒன்று ஷேக்ஸ்பியர் மாதிரி செய்யுள் நடை, ஒன்று இக்கால நாடகம், ஒவ்வொன்றும் இரண்டு நிமிடத்துக்குள். குரல், உடல், உச்சரிப்பு, வட்டார வழக்கு எல்லாவற்றையும் தினமும் பயில வைப்பார்கள். யேலில் படிக்கும்போதே யேல் ரெப்பர்ட்டரி தியேட்டரின் தொழில்முறை நாடகங்களில் மேடை ஏறும் வாய்ப்பும் வரும்.

இடம் கிடைப்பது கடினம், மருத்துவக் கல்லூரியைவிடக் கடினம். கிடைக்காவிட்டால் என்ன இழப்பு என்று பாருங்கள். கடன் இல்லை, அடுத்த ஆண்டு மறுபடி போகலாம். 22 வயதில் போனாலும் 28 வயதில் போனாலும் சேர்த்துக்கொள்வார்கள். குணச்சித்திர வேடத்துக்குப் போகிறவளுக்கு வயது ஏறுவது நஷ்டமே இல்லை.

பிராந்திய மன்றங்கள் என்பவை மினியாபொலிஸின் கத்ரி, பிரின்ஸ்டனின் மெக்கார்ட்டர் போல ஊருக்கு ஊர் நிரந்தரமாக இயங்கும் அரங்கங்கள். மூன்று நான்கு வாரம் ஒத்திகை, அப்புறம் வாரத்துக்கு 8 காட்சி, பெரும்பாலும் திங்கள் விடுமுறை. மேடை நடிகர்களின் சங்கமான ஈக்விட்டியின் ஒப்பந்தப்படி வாரச் சம்பளம் வரும், வெளியூர் நடிகருக்குத் தங்க இடமும் உண்டு. ஒரே நாடகத்தில் வேலைக்காரி, செவிலி, பிரபுவின் அத்தை என்று மூன்று வேடம் போட வைப்பார்கள். இந்தப் பெண்ணுக்கு வேண்டியது அதுதான்.

அதுவரை இளநிலைக்கு நியூ ஜெர்சியின் அரசுப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸ் போதும். மாநிலத்தவருக்கு ஆண்டுக் கட்டணம் 18,000 டாலருக்கு மேல், எடிசனிலிருந்து நியூ பிரன்ஸ்விக் பக்கத்து ஊர், வீட்டிலிருந்தே போய்வரலாம். நடிப்பில் பிஎஃப்ஏ என்ற இளநிலைக் கலைப் படிப்பு கிடைத்தால் மூன்றாம் ஆண்டு லண்டன் ஷேக்ஸ்பியர்ஸ் குளோபில் பயிற்சி. கிடைக்காவிட்டால் நாடகத்தில் பிஏ, கூடவே அவளுக்குப் பிடித்த மொழியியல். அதிலும் குறை ஒன்றும் இல்லை.

பெரியப்பாவுக்கு என்ன பதில் சொல்வது என்று அம்மா கேட்டார். "கடன் இல்லாமல் படிக்கிறாள்" என்று சொல்லுங்கள் என்றேன். அத்தைக்கும் அதே பதில்தான்.

கிளம்பும்போது ஒரு வேலை கொடுத்தேன். இப்போது முதல் ஆடிஷன் பெரும்பாலும் செல்ஃப் டேப்தான், வீட்டிலேயே போனில் எடுத்து அனுப்ப வேண்டும். பின்னால் வெற்று நீலத் துணி, முகத்துக்கு நேராக விளக்கு, கேமராவுக்குப் பக்கத்தில் நின்று எதிர் வசனம் படிக்க ஓர் ஆள். அந்த ஆள் அப்பாவாக இருக்கட்டும் என்றேன். போன ஞாயிறு வீடியோ வந்தது. அவள் பங்கு நன்றாக இருந்தது. அப்பாதான் வசனத்தை மீட்டிங்கில் குறிப்பு வாசிப்பது போல ஓட்டிவிட்டார். இன்னும் மெதுவாக, அவள் முகத்தைப் பார்த்துப் படியுங்கள் என்று எழுதினேன். ராத்திரி பதினொன்றரைக்குப் பதில் வந்தது: "மறுபடி எடுக்கிறோம் மேடம். இது ஆறாவது டேக்."