வெளிவாங்கிய முகம்

மதிப்பிற்குரிய ஐயா,

பெரம்பூரிலிருந்து எழுதுகிறேன். ஓர் ஆங்கிலச் சிறுகதையை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். மகனை அடக்கம் செய்த மறுநாள் கதவைத் திறக்கும் ஒரு கிழவியின் முகத்தை அதன் ஆசிரியர் ‘செரீன்’ என்கிறார். ‘அமைதியான முகம்’ என்று எழுதினேன். அதே கதையில் ‘காம்’, ‘ட்ராங்க்வில்’, ‘பீஸ்ஃபுல்’ ஆகியவையும் வருகின்றன. அங்கும் அமைதியையே எழுத வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் இத்தனை சொற்கள் இருக்க, நம்மிடம் ஒன்றுதான் இருக்கிறது என்பது வருத்தமாக இருக்கிறது. ‘செரீன்’ என்பதை அப்படியே விட்டுவிடலாமா? எந்த அகராதியை நம்பலாம்? மொழிபெயர்ப்புச் செயலிகளைப் பயன்படுத்துவது தவறா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

செயலியைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அகராதி எதுவாக இருந்தாலும் பிரித்துப் பாருங்கள், போதும். ஆனால் ‘நம்மிடம் ஒன்றுதான் இருக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. சோறு ஆறுகிறது, புண் ஆறுகிறது, மனமும் ஆறுகிறது. கோபம் தணிகிறது. கலங்கிய நீர் தெளிகிறது. கடன் அடைந்தால் வருவது நிம்மதி. தெலுங்கிலும் கன்னடத்திலும் நெம்மதி என்று வழங்கும் அந்தச் சொல் இல்லாமல் நம் வீடுகளில் ஒரு நாளும் கழிவதில்லை. இவற்றையெல்லாம் தினமும் வாயால் சொல்லிவிட்டு, எழுத உட்கார்ந்ததும் மறந்துபோவது மொழியின் வறுமை ஆகாது. உங்கள் தலைமுறையில் நன்றாகப் படித்தவர்களிடம்தான் இந்த மறதியை அதிகமாகப் பார்க்கிறேன். அதனால்தான் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன், மனம் நோக வேண்டாம்.

‘செரீன்’ என்ற சொல்லைப் பற்றி நான் வெகுகாலமாக யோசித்து வருகிறேன். ‘செரேனுஸ்’ என்ற லத்தீன் சொல் அதன் வேர். மேகமற்றுத் தெளிந்த வானத்தை அது குறித்தது. ‘காம்’ என்பதற்கு வேர் எங்கே இருக்கிறது தெரியுமா? கிரேக்கத்தில் வெப்பத்தைக் குறித்த ‘கௌமா’ என்ற சொல்லில். வெயில் உச்சிக்கு ஏறி, வேலையை நிறுத்திவிட்டு மக்கள் நிழலில் ஒதுங்கும் பொழுதிலிருந்து, பிரெஞ்சு வழியாகக் காற்றும் அலையும் ஓய்ந்த நிலைக்கு அந்தப் பெயர் வந்து சேர்ந்தது என்கிறார்கள். சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடற்காற்று இன்னும் ஊருக்குள் நுழையாத சித்திரை மதியத்தில், ஓர் இலைகூட அசையாமல் நிற்குமே, அந்தப் புழுக்கமும் ‘காம்’தான். அதைச் ‘செரீன்’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

நிலவின் வரைபடத்திலும் இதைப் பார்க்கலாம். ரிச்சியோலி என்ற இத்தாலிய இயேசு சபைத் துறவி 1651-இல் வெளியிட்ட நூலில், நிலவின் கருமையான சமவெளிகளுக்குக் கடல்கள் என்று பெயரிட்டு, மழை, மேகம், புயல் என்று வானிலைச் சொற்களைச் சூட்டினார். 1969 ஜூலை 20 அன்று அப்பல்லோ 11 இறங்கிய இடம் அவற்றில் ட்ராங்க்விலிட்டியின் கடல். அதை ஒட்டியே செரினிட்டியின் கடல் தனியாக இருக்கிறது. அதற்கு மறுபக்கம் மழைக்கடல். ட்ராங்க்விலிட்டியும் செரினிட்டியும் ஒரே பொருள் என்றால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பெயர்கள் எதற்கு? ஒன்று கொந்தளிப்பு அடங்கிய நிலை, மற்றொன்று மழை விலகித் தெளிந்த வானம் என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது நாங்கள் புரசைவாக்கத்தில் குடியிருந்தோம். காலையிலிருந்து ஊளையிட்ட காற்று பிற்பகலில் சட்டென்று நின்றது. புயலின் கண் எங்களுக்கு மேலே இருந்தது. தெருவில் வேப்பமரம் குறுக்கே கிடந்தது, ஒரு காக்கை கத்தவில்லை. தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தேட மாடிப்படியில் கால் வைத்தவனை அம்மா கையைப் பிடித்து நிறுத்தினாள். “காத்துதான்டா நின்னிருக்கு, வானம் வெளிவாங்கலை. உள்ள வா” என்றாள். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று திரும்பி வந்தது, மாடியில் எதிர்வீட்டுத் தகரக் கூரை ஒன்று வந்து விழுந்தது.

மறுநாள் காலையில் மின்சாரம் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. தெரு முழுவதும் அரிவாளும் கோடாலியும் மரம் அறுக்கும் இயந்திரமும் காதைப் பிளந்தன. அந்தச் சத்தத்துக்கு நடுவே நின்று அம்மா மேலே பார்த்தாள். கழுவித் துடைத்தது போல நீலம். “இப்பதான் வெளிவாங்கியிருக்கு” என்றாள். ‘செரேனுஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்கு எழுத்துக்கு எழுத்து ஒத்த தமிழ்ச்சொல்லை, அந்த மொழியின் பெயரைக்கூடக் கேட்டிராத என் தாயிடம்தான் நான் கேட்டேன். மழை விட்டு வானம் தெளிவதை வெளிவாங்குதல் என்று நம் மக்கள் இன்றும் சொல்கிறார்கள். ‘ஐயத்தின் நீங்கித் தெளிந்தார்க்கு வையத்தின் வானம் நணிய துடைத்து’ என்று மெய்யுணர்தல் அதிகாரத்தில் வள்ளுவர் சொல்லும்போது, அங்கே வானம் என்பது வீட்டுலகம் என்றுதான் உரையாசிரியர்கள் பொருள் கொள்வார்கள். ஆனாலும் தெளிதலும் வானமும் ஒரே குறளில் அருகருகே வருவதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் காலைதான் நினைவுக்கு வருகிறது.

உங்கள் கிழவிக்கு வருகிறேன். அப்பா இறந்த பிறகு பதினாறு நாளும் அம்மா அமைதியாகத்தான் இருந்தாள். அழவில்லை, யாரிடமும் கோபித்துக்கொள்ளவில்லை, கொடுத்ததைச் சாப்பிட்டாள். அந்த அமைதிதான் எங்களைப் பயமுறுத்தியது. பதினாறாம் நாள் இரவு அடுப்படியில் தனியாக உட்கார்ந்து விடியும்வரை அழுதாள். நாங்கள் யாரும் உள்ளே போகவில்லை. காரியம் முடிந்த மறுநாள் காலையில், பாலில் தண்ணீர் கூடிவிட்டது என்று வாசலில் நின்று பால்காரரை உரத்த குரலில் அதட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் பால் குண்டான், மறு கையில் முந்தானை. கண் இமைகள் இன்னும் தடித்திருந்தன. ஆனால் நெற்றியில் அத்தனை நாளாகக் கட்டியிருந்த இருட்டு இல்லை. தெரு முழுக்கக் கேட்கும்படி சத்தம் போட்ட அந்த முகத்தை எந்த ஆங்கிலேயரும் தயங்காமல் ‘செரீன்’ என்று எழுதியிருப்பார். நீங்கள் ‘அமைதியான முகம்’ என்று எழுதினால் பதினாறு நாள் பார்த்த முகத்தை எழுதுகிறீர்கள்.

அதனால் அந்த ஆங்கிலச் சொல்லை அப்படியே விட்டுவிட வேண்டாம். கிழவி கதவைத் திறக்கும் அந்தப் பத்தியை முதலிலிருந்து வாசியுங்கள். முந்தைய இரவில் அவள் அழுதாளா, யாருடனாவது பேசினாளா என்று கதாசிரியர் ஏதேனும் குறிப்பு வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். வைத்திருந்தால் ‘தெளிந்த முகம்’ என்றோ, துணிவு இருந்தால் ‘வெளிவாங்கிய முகம்’ என்றோ எழுதுங்கள். எழுதியதும் அந்தப் பத்தியை மட்டும் எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்.