காசை விடுங்கள், விளக்கை நகர்த்துங்கள்

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "தாத்தாவின் மைலோ டின்னில் மலாயா காசுகள் கிடைத்தன. ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட சதுர ஒரு சென், கொஞ்சம் 10, 20 சென். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், படம் வெள்ளையடித்துக் கிடக்கிறது, ஆண்டே தெரியவில்லை என்கிறார் சேகரிப்பவர். கேமரா வாங்க வேண்டுமா, ஐயா?"

வேண்டாம். உங்கள் கைப்பேசியே போதும். ஃபிளாஷை மட்டும் அணைத்துவிடுங்கள். லென்ஸுக்குப் பக்கத்திலிருந்தே பாயும் அந்த வெளிச்சம் தட்டையான உலோகத்தில் பட்டு நேரே திரும்பி வருவதால்தான் எழுத்து மறைகிறது.

கூரை விளக்கையும் அணையுங்கள். அது ஒரு நிறம், மேசை விளக்கு ஒரு நிறம் என்று இருந்தால் செம்புக்காசின் நிறமே மாறிவிடும். இரண்டு பக்கமும் புத்தகங்களை அடுக்கி, லென்ஸ் வெளியே தெரிய, காசுக்கு ஓர் அடி மேலே கைப்பேசியைப் படுக்க வையுங்கள். 2 மடங்கு ஜூம் போதும். ரொம்பக் கிட்டே போனால் கைப்பேசியின் நிழலே காசில் விழும். சாய்வு இருக்கிறதா என்று பார்க்க, காசு வைக்கும் இடத்தில் ஒரு சின்னக் கண்ணாடியை வையுங்கள். திரையின் நட்டநடுவில் லென்ஸின் பிம்பம் தெரிந்தால் சரி.

இனி விளக்கு. காசைக் கடிகார முகமாக நினைத்துக்கொண்டு 10 மணிப் பக்கம் ஒரு எல்இடி விளக்கை வையுங்கள். தாழ்வாக வைத்தால் ஒவ்வொரு கீறலும் பள்ளம் போலத் தெரியும், ராஜாவின் பாதி முகம் இருட்டில் போய்விடும். மெதுவாக உயர்த்திக்கொண்டே திரையைப் பாருங்கள். தலைமுடியும் கிரீடமும் பிரிந்து, ஆண்டும் பளிச்சென்று வரும் இடம் ஒன்று இருக்கும். அங்கே நிறுத்துங்கள். எதிர்ப்பக்க நிழல் கனமாக இருந்தால் 2 மணிப் பக்கம் இன்னொரு விளக்கு. கீழிருந்து மட்டும் வெளிச்சம் கொடுக்காதீர்கள், புடைத்த முகம் குழிந்ததாகக் கண்ணை ஏமாற்றும்.

பளபளக்கும் வெள்ளிக்காசு என்றால் விளக்குக்கு முன்னால் டிரேசிங் பேப்பர் பிடியுங்கள். ஆனால் அச்சடித்த மினுமினுப்பு இன்னும் போகாத காசுக்கு வேண்டாம், அந்த மினுமினுப்பே அமுங்கிவிடும். தேய்ந்து கறுத்த செம்புக்கு வேறு வழி: காசுக்கு மேல் 45 பாகை சாய்வில் சுத்தமான கண்ணாடித் துண்டு ஒன்றை நிறுத்தி, பக்கவாட்டிலிருந்து விளக்கடியுங்கள். கண்ணாடி ஒளியை நேர்கீழே திருப்பும். அதன் வழியாகவே படம் எடுக்கலாம்.

திரையில் காசை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்து, 2 விநாடி டைமரில் எடுங்கள். காற்றாடியை நிறுத்த மறந்துவிடாதீர்கள்.

ஒன்று சொல்ல வேண்டும்: நம் வீட்டில் பித்தளை என்றாலே புளி போட்டுத் தேய்க்கும் கை தானாக நீளும். காசில் அதைச் செய்யாதீர்கள், விலையே விழுந்துவிடும். பிளாஸ்டிக் உறையில் இருந்தால் வெளியே எடுத்து, விளிம்பை மட்டும் பிடியுங்கள்.

இரண்டு பக்கமும் ஒரே வெளிச்சத்தில் எடுங்கள். 10, 20 சென் காசுகளில் 1939-இல் அடித்தது 75 விழுக்காடு வெள்ளி, 1943, 1945-இல் அடித்தது 50 விழுக்காடு, 1948 முதல் வெறும் செம்பு-நிக்கல். நிறத்தை வைத்துப் படத்தில் இதைச் சொல்ல முடியாது. சேகரிப்பவர் தேடுவது ஆண்டைத்தான்.