எட்டு மணி நேர நிறுத்தத்தில் கடற்கரைக்கு எவ்வளவு நேரம்?

கேள்வி: சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்குக் கப்பல் சுற்றுலா போகிறோம். திருகோணமலையில் காலை 8 முதல் மாலை 4 வரை நிறுத்தம். நிலாவெளியில் குளித்துவிட்டு, படகில் புறாத்தீவு போய், கோணேஸ்வரமும் பார்த்துவிடலாமா? (ராயபுரம் வாசகி)

பதில்: முடியாதும்மா. 8 முதல் 4 என்பது கப்பல் நிற்கும் நேரம், நீங்கள் மணலில் இருக்கும் நேரம் இல்லை. விளம்பரத்தில் அந்த எட்டு மணி நேரத்தைத்தான் பெரிய எழுத்தில் போடுகிறார்கள், எனக்குக் கோபம் வருவதே இங்கேதான். கப்பல் வந்து நின்றதும் இறங்கிவிட முடியாது. குடிநுழைவு அதிகாரிகள் அனுமதி தர வேண்டும், அப்புறம் அத்தனை பேரும் வரிசையில் இறங்க வேண்டும், நங்கூரம் போட்டுத் தள்ளி நின்றால் சிறு படகில் முறை வைத்துத்தான் கரைக்குக் கொண்டுபோவார்கள். திரும்பும்போது கிளம்பும் நேரத்துக்கு அரை மணியோ ஒரு மணியோ முன்பே எல்லோரும் உள்ளே இருந்தாக வேண்டும். கையில் மிஞ்சுவது ஐந்து மணி நேரம் என்று கணக்குப் போடுங்கள், போக வர வண்டி ஓடுவதும் அதற்குள்தான். திருகோணமலை ஊரிலிருந்து வடக்கே சுமார் 15 கிலோமீட்டரில் நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரை அதில் பாதித் தூரம்கூட இல்லை. குளிக்க உப்புவெளி போனால் கோணேஸ்வரத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். புறாத்தீவு என்றால் அது மட்டும்தான். அது தேசியப் பூங்கா, நுழைவுச் சீட்டு தனி, படகுக் கூலி தனி. வடகிழக்குப் பருவமழை நேரத்தில் அந்தக் கடலில் இறங்கவே வேண்டாம். கப்பல்காரர்களின் சுற்றுலாவில் போய்த் தாமதமானால் பெரும்பாலும் காத்திருப்பார்கள், நீங்களே ஆட்டோ பிடித்துப் போனால் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

கேள்வி: கடலில் போன் நனையாமல் இருக்க 100 ரூபாய் பிளாஸ்டிக் உறை போதுமா? (கொருக்குப்பேட்டை)

பதில்: போதாது. நான் வாங்கியதில் முதல் அலையிலேயே தண்ணீர் புகுந்தது. போனைக் கப்பல் அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் பழக்கமான ஒருவருக்கு ஜிபேயில் 6,000 ரூபாய் அனுப்பினேன். கடற்கரை விடுதியில் சாய்வு நாற்காலி, மதியச் சாப்பாடு, குளியலறை எல்லாம் உண்டு என்றார். ரசீது கேட்கலாமா? (வண்ணாரப்பேட்டை)

பதில்: பணத்தை அனுப்பிவிட்டா இதைக் கேட்பது? விடுதியின் பெயர்கூட உங்கள் கடிதத்தில் இல்லை. இன்றைக்கே அவரிடம் ரசீதை எழுத்தில் கேளுங்கள், விடுதிக்கு நீங்களே போன் போட்டு உங்கள் பெயரில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள், தாமதமானால் பணத்தை நிறுத்திவைக்க முடியாது.

கேள்வி: கரைச் சுற்றுலாவுக்கு ஆளுக்கு 4,500 ரூபாய் தனியாகக் கட்டினோம். காற்று பலம் என்று கப்பல் அந்தத் துறைமுகத்துக்கே போகவில்லை. பணம் கேட்டால் தர மறுக்கிறார்கள், வழக்கு என்றால் மும்பையில்தான் போட வேண்டும் என்று டிக்கெட்டில் இருக்கிறதாம். என் பெற்றோர் சேமித்த காசு. (தண்டையார்பேட்டை)

பதில்: படிக்கவே வேதனையாக இருக்கிறது. பாதுகாப்புக்காகத் துறைமுகத்தைத் தவிர்க்கக் கேப்டனுக்கு உரிமை உண்டு, அதில் சண்டை போட முடியாது. ஆனால் நடக்காத சுற்றுலாவுக்கு வாங்கிய பணத்தை வைத்துக்கொள்வது சேவைக் குறைபாடு, விடாதீர்கள். மும்பை என்ற வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். நீங்கள் கட்டிய பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள். அந்தத் துறைமுகத்துக்கென்று வாங்கிய கட்டணம் பில்லில் இருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி: மாமா குடும்பம் கப்பலில் வந்து சென்னையில் ஆறு மணி நேரம் நிற்கிறார்கள். கோவளம் கூட்டிப்போகட்டுமா? (திருவொற்றியூர்)

பதில்: சுத்தமான கடற்கரைக்குத் தரும் சர்வதேச நீலக்கொடிச் சான்று வாங்கிய நல்ல கடற்கரைதான், ஆனால் இந்த டிராபிக்கில் ஆறு மணி நேரத்துக்கு அது தூரம். நம் வடசென்னைப் பக்கம் காட்டலாம் என்றால் காசிமேடு தொடங்கி வடக்கே பெரும்பாலும் கல் கொட்டிய கரை. தெற்கிலிருந்து வரும் மணலைத் துறைமுகச் சுவர் மறித்ததால் மெரினா அகன்றது, நம் கரையைக் கடல் தின்றது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை. மெரினாவுக்கே கூட்டிப்போங்கள், துறைமுகத்திலிருந்து பக்கம். கால் நனைக்கட்டும், குளிக்க மட்டும் விடாதீர்கள், அங்கே இழுப்பு அதிகம்.