சர்வீஸ் சென்டரில் டிப்ஸ் கொடுக்கணுமா, அண்ணாச்சி? (கேள்வி-பதில்)

போன வாரம் கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் மேல்காசு கேட்பதைப் பற்றி எழுதினேன். சிலிண்டர் விலைக்குள்ளேயே வீட்டுக்குக் கொண்டுவந்து போடும் கூலி அடக்கம், ரசீதில் உள்ளதுக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை என்று. அதைப் படித்துவிட்டுக் கார் வைத்திருக்கிறவர்கள் கிளம்பிவிட்டார்கள். ஷோரூமில் கொடுக்கணுமா, சர்வீஸில் கொடுக்கணுமா, யாருக்கு, எவ்வளவு? கடிதங்களை நறுக்கித்தான் போட்டிருக்கிறேன். சிலர் சீட் கவர் கலர் முதற்கொண்டு எழுதியிருந்தார்கள்.

வள்ளியூர் வாசகர்: புதுக் கார் டெலிவரி எடுத்தேன். ரிப்பன், கேக், குடும்பத்தோடு போட்டோ எல்லாம் முடிந்தது. அப்புறம் நாலு பேர் ஒவ்வொருத்தராக வந்து, "சார், சந்தோஷமா ஏதாவது..." என்று நின்றார்கள். நம்பர் பிளேட் மாட்டியவர் தனியாக முந்நூறு கேட்டு வாங்கினார். மொத்தம் இரண்டாயிரம் போய்விட்டது. இது முறையா?

வழக்கம்தான், கட்டாயம் இல்லை. டெலிவரி அன்றைக்கு மனசு இளகிக் கிடக்கும் என்பது அவர்களுக்கும் தெரியும். கொடுக்க ஆசை இருந்தால் வீட்டிலிருந்து கிளம்பும்போதே ஒரு தொகையைச் சில்லறையாக மாற்றிச் சட்டைப்பையில் தனியாக வைத்துக்கொள்ளும். அது தீர்ந்தால் முடிந்தது. வண்டியைக் கழுவித் துடைத்த பையனுக்கு முதலில் கொடும். விற்றவருக்கு விற்பனைக்கென்று இன்சென்டிவ் தனியாக உண்டு.

நம்பர் பிளேட் முந்நூறு மட்டும் அநியாயம். 2019 ஏப்ரல் 1-க்குப் பிறகு தயாரான வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டை வண்டியோடு சேர்த்தே தரவேண்டும், மாட்டித் தருவது டீலர் பொறுப்பு. ரசீது கேட்டிருந்தால் அந்த ஆள் நகர்ந்திருப்பார்.

இன்னொன்று. நாலு பேருக்கும் பர்ஸைத் திறந்த நேரத்தில் டயர் பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்கத்தைப் பார்த்தீரா? 2224 என்றிருந்தால் 2024-ஆம் வருஷம் 22-ஆவது வாரத்தில் செய்த டயர். கேக் வெட்டுவதற்கு முன்னால் பார்க்க வேண்டிய விஷயம் அது.

மேலப்பாளையம் வாசகர்: சர்வீஸ் அட்வைசருக்கு ஐந்நூறு கொடுத்தால் காரை நல்லா பார்த்துத் தருவாரா?

அவர் காரைத் தொடவே மாட்டார். வண்டிக்கு என்னென்ன வேலை பார்க்கணும் என்று குறிக்கிற சீட்டு, அதாவது ஜாப் கார்டு, எழுதுவதோடு அவர் வேலை சரி.

பாளையங்கோட்டை, ஓய்வுபெற்ற ஆசிரியை: மூன்றாவது ஃப்ரீ சர்வீஸுக்குக் காரை விட்டேன். பில் ஒன்பதாயிரத்துச் சொச்சம். அட்வைசர் தம்பி மரியாதையான பையன். "டீச்சர், கம்பெனியிலிருந்து போன் வரும், பத்துக்குப் பத்து சொல்லிருங்க" என்று கேட்டுக்கொண்டான். அவனுக்கு இருநூறு கொடுக்க நினைத்து, கொடுக்காமல் வந்துவிட்டேன். அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

டீச்சர், அந்த இருநூறு உறுத்தவே வேண்டாம். நீங்கள் அனுப்பிய பில் நகலை இரண்டு தரம் படித்தேன். உறுத்த வேண்டியதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

ஃப்ரீ சர்வீஸ் என்றால் லேபர் மட்டும்தான் ஃப்ரீ. இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர் போன்றதுக்குக் காசு உண்டு, அது நியாயம். உங்கள் பில்லில் அதற்குக் கீழே வரிசையாக இன்ஜின் ஃபிளஷ், ஏசி கிருமிநீக்கம், த்ராட்டில் பாடி கிளீனிங், அண்டர்பாடி கோட்டிங் என்று நாலு வரி இருக்கிறது. இந்த நாலும் சேர்ந்தே ஐயாயிரத்தைத் தாண்டுகிறது. ஒரு வருஷம் ஓடின இன்ஜினுக்குள்ளிருந்து எதைக் கழுவி எடுக்கப்போகிறார்கள்? டேஷ்போர்டு பெட்டியில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் ஒரு புத்தகம் கிடக்கும். எத்தனை கிலோமீட்டரில் எதை மாற்றணும், எதைப் பார்த்தால் மட்டும் போதும் என்று அதில் அட்டவணை போட்டிருக்கிறான். அதில் இல்லாத எதையும் ஜாப் கார்டில் கண்டால், கையெழுத்துக்கு முன்னால் அடிக்கச் சொல்லுங்கள். பரீட்சைப் பேப்பர் திருத்தின கைதானே உங்களுக்கு.

அண்டர்பாடி கோட்டிங்குக்கு நானும் அழுதிருக்கிறேன். துருவே பிடிக்காது, கடற்கரைக் காற்றுக்குக்கூட அசையாது என்று ஒரு சர்வீஸ் சென்டரில் சத்தியம் பண்ணினார்கள். கொஞ்ச நாள் கழித்துப் பேட்டை பக்கம் பஞ்சர். ஜாக்கி போட்டுத் தூக்கின பஞ்சர் கடைக்காரர் சக்கர வளைவுக்குள் கையை விட்டுத் தடவினார். வெளியே எட்டிப் பார்த்தால் தெரிகிற அளவுக்கு இரண்டு சாண் கறுப்பாகப் பூசியிருந்தது. அதைத் தாண்டிப் போன மழையில் ஒட்டின சேறு காய்ந்து பொருக்காக உட்கார்ந்திருந்தது. சேற்றின் மேலே அங்கங்கே கறுப்புப் பொட்டு வேறு. "அண்ணாச்சி, இது கோட்டிங்கா, கண்மையா?" என்றார்.

காசு போகிற வழியையும் கவனியுங்கள். பில்லில் 'லேபர்' என்று போடுகிற தொகைக்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. அது சர்க்காருக்கு. லேபர் தொகை டீலர் கல்லாவுக்கு. வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்து, ஆயில் முகத்தில் சொட்ட போல்ட்டைக் கழற்றின பையனுக்கு மாதச் சம்பளம்தான். நீங்கள் ஏசி போட்ட அறையில் காபி குடித்துக்கொண்டிருந்ததால் அவன் முகத்தையே பார்த்திருக்க மாட்டீர்கள். டிப்ஸ் கேட்டு வருகிறவர்கள் நம் கண்ணில் படுகிறவர்கள், வேலை பார்த்தவன் உள்ளே இருக்கிறான்.

அட்வைசர் தம்பிக்கு அந்தப் பத்துக்குப் பத்து இருநூறைவிடப் பெரிசு. பல இடங்களில் அந்த மார்க்கைப் பார்த்துத்தான் இன்சென்டிவ். எட்டு போட்டால் மேனேஜர் முன்னால் கைகட்டி நிற்கணும். மரியாதையாக நடந்தான் என்றால் அவனுக்குரிய கேள்விக்குப் பத்தே போடுங்கள். அதே போனில், "அந்த நாலு வரியை என்னைக் கேட்காமல் ஏன் சேர்த்தீர்கள்?" என்றும் கேளுங்கள்.

தென்காசி வாசகர்: அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் மருமகன், சர்வீஸ் பில்லில் 20 சதவீதம் டிப்ஸ் வைக்கணும், அதுதான் நாகரிகம் என்கிறார்.

அங்கே ஓட்டலில் சாப்பிட்டால் 15, 20 சதவீதம் வைப்பார்கள். கார் டீலர் சர்வீஸில் அங்கேயே அந்த வழக்கம் கிடையாது. மாமனார் காசு என்றதும் மருமகனுக்கு நாகரிகம் கூடிவிட்டது.

திசையன்விளை வாசகர்: எங்கள் சர்வீஸ் சென்டரில் 'ஊழியர்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள்' என்று போர்டு வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு மெக்கானிக், மூன்று பேர் பார்த்தும் பிடிபடாத சத்தத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். சும்மா வர மனசில்லை. வீட்டிலிருந்து கருப்பட்டி கொண்டுபோய்க் கொடுத்தேன். தப்பா?

நல்ல காரியம். போர்டு இருக்கிற இடத்தில் கேமராவும் இருக்கும். ரூபாயை நீட்டி அந்த மனுஷன் வேலைக்கு உலை வைத்துவிடக் கூடாது. அவர் பெயரை ஜாப் கார்டில் பார்த்து, இன்ன சத்தத்தை இவர்தான் கண்டுபிடித்தார் என்று மேனேஜருக்கு நாலு வரி எழுதிக் கொடும். சம்பளம் ஏற்றும்போது அவர் அதை எடுத்துக் காட்டலாம். அடுத்த தடவை, "அவர்தான் என் வண்டியைப் பார்க்கணும்" என்று கேட்டு வாங்கும். கருப்பட்டி எனக்கும் பிடிக்கும் என்பது உமக்குத் தெரிந்திருக்கட்டும்.

சங்கரன்கோவில் வாசகர்: சர்வீஸ் சென்டர் டிரைவரே வீட்டுக்கு வந்து காரை எடுத்துப் போனார். முன்கூட்டியே ஐந்நூறு கொடுத்தேன். திரும்பி வந்தபோது பம்பரில் கீறல், அறுபது கிலோமீட்டர் கூடுதலாக ஓடியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

நினைக்கிறீரா? கொடுத்தனுப்பும்போது மீட்டரைப் போட்டோ எடுத்தீரா? இல்லை. பெட்ரோல் முள்? இல்லை. நாலு பக்கமும்? அதுவும் இல்லை. டெலிவரி சீட்டில் 'வண்டி நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்து மட்டும் இருக்கிறது. அவர்கள் ஜாப் கார்டில் உள்ளே வந்தபோது இருந்த கிலோமீட்டரைக் குறித்திருப்பார்கள், அதைக் கேட்டு வாங்கி இப்போதைய மீட்டரோடு ஒப்பிட்டுப் பாரும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. வேலை முடியுமுன்னே டிப்ஸ் கொடுக்கிறவரை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

அம்பாசமுத்திரம், வாடகைக் கார் ஓட்டுநர்: ஆக்சிடென்டில் அடிபட்ட வண்டியை டீலர் பாடி ஷாப்பில் விட்டேன். சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் சர்வேயர் வரணும். "சர்வேயரைக் கவனிச்சாத்தான் கிளெய்ம் சீக்கிரம் பாஸாகும்" என்று அங்குள்ளவர் மூவாயிரம் வாங்கினார். ரசீது இல்லை. இருபது நாள் வண்டி ஓடவில்லை, கிளெய்மிலும் பாதியை வெட்டிவிட்டார்கள். கேட்டால் "டிப்ஸ்தானே அண்ணே கொடுத்தீங்க" என்கிறார். வாடகை வண்டி என்பதால் நுகர்வோர் கோர்ட்டுக்கும் போக முடியாது என்று சொல்லுதாங்க.

அது டிப்ஸ் இல்லை தம்பி, பச்சையான லஞ்சம். பிழைப்பு நின்று தவிக்கிறவரிடம் பிடுங்கியிருக்கிறார்கள்.

முதலில் அந்த ஆளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரே வரி போடுங்கள்: "அண்ணே, சர்வேயருக்குன்னு வாங்கின மூவாயிரத்துக்கு ரசீது அனுப்புங்க." சண்டை வேண்டாம். என்ன பதில் வந்தாலும் அது ஆதாரத்துக்கு உதவும். பிறகு டீலர் மேனேஜருக்கும் இன்சூரன்ஸ் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கும் எழுத்தில் புகார். எந்தெந்த வரியை ஏன் வெட்டினார்கள் என்று கம்பெனியிடம் எழுதி வாங்குங்கள். தேய்மானக் கழிவு என்றால் கொஞ்சம் குறையத்தான் செய்யும், பாதி குறைந்ததற்குக் காரணம் வேண்டும். நுகர்வோர் உதவி எண் 1915-இலும் பதிந்துவையுங்கள்.

கோர்ட்டுக்குப் போக முடியாது என்று சொன்னவர் சட்டத்தைப் பாதிதான் படித்திருக்கிறார். லாபத் தொழிலுக்கு வாங்கினால் நுகர்வோர் இல்லை என்பது உண்மை. ஆனால் சுயதொழிலாக, தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துகிறவர் நுகர்வோர்தான் என்று 2019-ஆம் வருஷத்துச் சட்டமே சொல்கிறது. சொந்த வண்டியை நீங்களே ஓட்டிப் பிழைக்கிறீர்கள். திருநெல்வேலி மாவட்ட ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் மனு போடணும், நீங்கள் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் மனுக் கட்டணமே கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். பாலிசி, ஜாப் கார்டு, பில் மூன்றையும் நகல் எடுத்து எனக்கு அனுப்புங்கள், மனுவை எழுதித் தருகிறேன்.

வண்ணார்பேட்டை வாசகர்: சர்வீஸ் முடிந்து வெளியே வரும்போது கேட்டில் வாட்ச்மேன் சல்யூட் அடித்தார். பத்து ரூபாய் கொடுத்தேன். வீட்டில், அது குறைச்சல் என்கிறார்கள்.

சித்திரை வெயிலில் நிக்காரு. இருபதாக் கொடும்வே.