தமிழில் டைப் அடிக்கத் தடுமாறுகிறீர்களா? கேளுங்கள்

தருமபுரியில் டிடிபி (கணினியில் தட்டச்சு செய்து பக்கம் அமைக்கும்) வேலை பார்க்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

பாலக்கோடு: அண்ணா, முன்பு கடையில் அடித்த மனுவை வீட்டில் திறந்தால் ஆங்கில எழுத்தாக வருகிறது, ஏன்?

அது பாமினி மாதிரி பழைய எழுத்துருவாக இருக்கும். அதில் 'அம்மா' என்று தெரிந்தாலும் உள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் தான், ஆங்கில எழுத்துக்குத் தமிழ்ச் சட்டை போட்டது போல. எழுத்துரு இல்லாத கணினியில் சட்டை கழன்றுவிடும். ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் எல்லாக் கணினியிலும் ஒரே எண் தரும் யூனிகோடு முறைக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன, மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

அரூர்: புதிதாகப் பழக எது நல்லது சார்?

தமிழ்99. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை. உயிரெழுத்து இடது கையில், மெய் வலது கையில். 'அம்மா' அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு, நடுப்புள்ளி தானாக விழும். 'தங்கம்' என்றால் ங-வுக்குப் பின் க அடித்ததும் ங் ஆகிவிடும், கடைசி ம-வுக்கு மட்டும் புள்ளி விசையைத் தட்ட வேண்டும். பழைய டைப்ரைட்டரில் 'கெ' அடிக்கக் கொம்பை முதலில் தட்டுவோம், இங்கே க முதலில், எ பிறகு. வாய் சொல்லும் வரிசையிலேயே விரல் போகிறது, அதனால்தான் எனக்கு இதன்மேல் இத்தனை பிடிப்பு. ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடித்துத் தமிழ் எழுத்தாக்கும் முறை அவசரத்துக்குச் சரி, ஆனால் ல, ள, ழ வரும்போதெல்லாம் நின்று யோசிக்க வேண்டியிருக்கும்.

ஒசூர்: எனக்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் வேண்டுமே?

அப்படியென்றால் இந்திய மொழிகளுக்கான பொது விசைப்பலகையான இன்ஸ்கிரிப்ட் பழகுங்கள். கே விசையில் மூன்று மொழியிலும் 'க' தான், மற்ற எழுத்துகளும் பெரும்பாலும் அப்படியே. ஒருமுறை கை பழகினால் போதும்.

காவேரிப்பட்டணம்: தமிழ் எஸ்எம்எஸ் சீக்கிரம் இரண்டாகப் பிரிகிறதே?

ஒரு எஸ்எம்எஸ்ஸில் ஆங்கிலத்துக்கு 160 இடம், யூனிகோடில் போகும் தமிழுக்கு 70. அதிலும் 'தருமபுரி' நமக்கு 5 எழுத்து, கணினிக்கு 8, ஏனென்றால் ரு, பு, ரி-யில் ஒட்டி வரும் துணைக்குறியையும் தனியாக எண்ணுகிறது.

பென்னாகரம்: ஐயா, கடைக் கணக்கில் கௌரி என்று தேடினால் வருவதில்லை, பெயர் கண்ணெதிரே இருக்கிறது.

பெயரை ஏற்றியவர் கெ அடித்துப் பக்கத்தில் ள போட்டிருப்பார். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் கணினிக்கு அது 'கெளரி', வேறு பெயர். அதை அழித்துவிட்டு க, பிறகு ஔ விசை. அப்புறம் சௌந்தர், மௌனிகா எல்லாவற்றையும் ஒரு பார்வை பாருங்கள், அங்கேயும் ள உட்கார்ந்திருக்கும்.