குழந்தைகள் கண் மருத்துவ ஃபெலோஷிப்: எந்த இடத்தில் சேர்வது?

கேள்வி: கண் மருத்துவத்தில் முதுநிலைப் படிப்பை முடித்துவிட்டேன். குழந்தைகள் கண் மருத்துவம், மாறுகண் பிரிவில் ஃபெலோஷிப் சேர இரண்டு இடங்களில் வாய்ப்பு வந்திருக்கிறது. ஒன்று 12 மாதம்; அறுவைச் சிகிச்சைகள் நிறையக் கிடைக்கும் என்கிறார்கள். மற்றொன்று 18 மாதம். அறுவைச் சிகிச்சை குறைவு, ஆனால் பச்சிளங்குழந்தைகள் பிரிவோடு சேர்ந்து இயங்குகிறது. எதில் சேரலாம்? சேரும் முன் என்ன கேட்க வேண்டும், எப்படித் தயாராக வேண்டும்?

பதில்: நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துப் பார்த்தால் 18 மாத இடத்தையே சொல்வோம். கூடுதலாக ஆறு மாதம் கிடைக்கிறது என்பதற்காக அல்ல. குழந்தைகள் கண் மருத்துவத்தில் ஒரு சிகிச்சை சரியாக அமைந்ததா என்பது வாரங்கள் கழித்து, சிலவற்றில் வருடங்கள் கழித்துத்தான் தெரியவரும். நீங்கள் கை வைத்த குழந்தையைத் திரும்பவும் நீங்களே பார்க்கும் வாய்ப்பு எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் உண்மையான பயிற்சி. 12 மாத இடத்தில் அந்த ஏற்பாடு நன்றாக இருக்கிறது என்று விசாரித்துத் தெரிந்தால், எங்கள் பதிலும் மாறும்.

மாறுகண்ணையே எடுத்துக்கொள்வோம். விட்டுவிட்டு வெளிப்பக்கம் விலகும் கண்ணுக்கு அறுவை செய்த மறுநாள், கண் 10 ப்ரிசம் டயாப்டர் (கண் விலகலை அளக்கும் அலகு) வரை உள்பக்கம் திரும்பியிருப்பதைப் பல அறுவை நிபுணர்கள் வேண்டியே வரவழைக்கிறார்கள். அடுத்த சில வாரங்களில் அது வெளிப்பக்கம் நகர்ந்து நேராகும். மறுநாள் மட்டும் பார்த்துவிட்டு அடுத்த பிரிவுக்குப் போகும் பயிற்சி மருத்துவர், 'அளவு கூடிவிட்டது' என்று முடிவு கட்டி அடுத்த குழந்தைக்குக் குறைத்துச் செய்வார். அந்தக் கண் பழையபடி விலகிவிடும். 6 முதல் 8 வாரத்தில் அதே குழந்தையைப் பார்த்தவருக்கு இந்தத் தப்புக் கணக்கு வராது. மிகச் சிறிய குழந்தைகளில் உள்விலகல் நீடித்தால் சோம்பேறிக் கண் (மூளை ஒதுக்குவதால் அந்தக் கண்ணின் பார்வை வளராமல் போவது) வந்துவிடும் என்பதையும் அவர்தான் நேரில் காண்பார்.

அறுவை அளவு அட்டவணைகளும் அப்படித்தான். 30 ப்ரிசம் டயாப்டர் உள்விலகலுக்கு இரண்டு கண்ணிலும் மீடியல் ரெக்டஸை (கண்ணை மூக்குப் பக்கம் இழுக்கும் தசையை) 4.5 மி.மீ. பின்னுக்குத் தள்ளுவது, 40-க்கு 5.5 மி.மீ. என்று பாடநூல்கள் சொல்கின்றன. அது தொடக்கப் புள்ளி மட்டுமே. தசையைக் கொக்கியில் எவ்வளவு இழுத்துப் பிடிக்கிறீர்கள், பழைய பற்றிடத்திலிருந்து அளக்கிறீர்களா லிம்பஸிலிருந்தா (கருவிழியும் வெள்ளைவிழியும் சேரும் விளிம்பு) என்பதைப் பொறுத்து ஒவ்வொரு கைக்கும் விளைவு மாறும். தன் விளைவை அளந்து பார்க்காதவர் அட்டவணையைத் திருத்திக்கொள்ள முடியாது.

ஆகவே 'மொத்தம் எத்தனை அறுவை கிடைக்கும்' என்று கேட்காதீர்கள். முழு அறுவையையும் நானே செய்வது எத்தனை? விலகலை அளந்து, எந்தத் தசையில் எவ்வளவு என்று முடிவெடுப்பதில் எனக்குப் பங்கு உண்டா? அந்தக் குழந்தை மறுபரிசோதனைக்கு வரும் நாளில் நான் எங்கே இருப்பேன்? மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால், முதல் கேள்விக்கு வரும் பெரிய எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அண்மையில் அங்கே பயிற்சி முடித்த ஒருவரிடமும் தனியாகப் பேசுங்கள்.

அடுத்தது புறநோயாளர் பிரிவு. பலர் இதை அறுவை அரங்குக்குப் போகும் வழியாக மட்டும் நினைக்கிறார்கள். எங்கள் கருத்தில், ஃபெலோஷிப்பின் முதல் மூன்று மாதத்தில் பெரும்பகுதி ஆர்த்தாப்டிஸ்ட்டின் (மாறுகண்ணை அளந்து ஆராயும் நிபுணரின்) பக்கத்து நாற்காலியில் கழிய வேண்டும். ப்ரிசம் வைத்து மறைத்துப் பார்க்கும் சோதனையில் டார்ச் விளக்கைக் காட்டினால் குழந்தையின் அக்காமடேஷன் (கிட்டப் பார்க்கக் கண் தன்னைக் குவிப்பது) முழுதாக வேலை செய்யாது. உள்விலகல் குறைவாகவே அளக்கப்படும். சின்னச் சின்ன விவரங்கள் உள்ள படத்தைக் காட்டி, 'பூனைக்கு எத்தனை மீசை?' என்று கேட்டால்தான் உண்மையான அளவு வரும். விலகல் பெரிதாக இருந்தால் ஒரே கண் முன்னால் ஒரே திசையில் இரண்டு ப்ரிசங்களை அடுக்கக் கூடாது. இரண்டின் மதிப்பும் கூட்டிய தொகையாக வராது. எண்கள் பெரிதாகப் பெரிதாகப் பிழையும் பெரிதாகும். இரண்டு கண்ணுக்கும் பிரித்து வையுங்கள்.

பவர் பார்ப்பதில் நேரும் பிழைதான் எல்லாவற்றிலும் விலை அதிகம். அக்காமடேஷனை நிறுத்தும் சைக்ளோபென்டோலேட் 1% சொட்டு மருந்தை ஐந்து நிமிட இடைவெளியில் இருமுறை விட்டு, 30 முதல் 45 நிமிடம் கழித்து ரெட்டினோஸ்கோப்பி (கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் பவரை அளக்கும் சோதனை) செய்வது வழக்கம்; கைக்குழந்தைகளுக்கு 0.5%. கருவிழி அடர்ந்த நிறமாக உள்ள குழந்தைகளில் இது போதாமல் போவதுண்டு. பாப்பா (கண்மணி) விரிந்திருப்பதாலேயே அக்காமடேஷன் நின்றுவிட்டது என்று பொருளில்லை. ரெட்டினோஸ்கோப் ஒளியின் பிம்பம் கணத்துக்குக் கணம் மாறினால் மருந்து வேலை செய்யவில்லை என்று புரிந்துகொண்டு, அட்ரோபின் கொடுத்து மூன்று நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இதை விட்டால் என்ன ஆகும்? ப்ளஸ் பவர் குறைவாகப் பதிவாகும். கண்ணாடியாலேயே நேராகியிருக்க வேண்டிய உள்விலகலுக்கு அறுவை நடக்கும். பிறகு சரியான கண்ணாடி போட்டதும் கண் வெளிப்பக்கம் ஓடும். இன்னொன்று: குழந்தை அசைய அசைய நம் கை தானாகவே முன்னால் போகும். 50 செ.மீ. தூரத்தில் பார்த்துவிட்டு 67 செ.மீ.க்கு உரிய 1.5 டயாப்டரைக் கழித்தால் அரை டயாப்டர் ப்ளஸ் கூடுதலாக எழுதியிருப்பீர்கள்.

சோம்பேறிக் கண் சிகிச்சையில் அந்த இடம் எந்த முறையைப் பின்பற்றுகிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தாலே போதும். கண்ணாடி கொடுத்துச் சில வாரம் காத்திருந்து, கண்ணாடியால் மட்டும் எவ்வளவு பார்வை கூடுகிறது என்று பார்த்த பிறகு நல்ல கண்ணின் மறைப்பைத் தொடங்குகிறார்களா? நடுத்தரப் பாதிப்புக்கு நாளுக்கு 2 மணி நேர மறைப்பு, 6 மணி நேரத்துக்கு இணையான பலன் தந்ததை 2003-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதன் பிறகும் எல்லாக் குழந்தைக்கும் நாள் முழுதும் கட்டு போடச் சொல்லும் இடமாக இருந்தால் யோசியுங்கள்.

இனி பச்சிளங்குழந்தைகள். 18 மாத இடத்தைச் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான். குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை நோயான ஆர்.ஓ.பி.யைப் படம் பார்த்துக் கற்றுவிட முடியாது. தலையில் மாட்டும் இன்டைரக்ட் கருவியும் கையில் லென்ஸுமாக, ஸ்கிளீராவை (வெள்ளைவிழியை) மெல்ல அழுத்தி ஓரம் வரை பார்க்கும் கைப்பழக்கம் நூற்றுக்கணக்கான பரிசோதனைகளில்தான் வரும். 2021-இல் திருத்தப்பட்ட சர்வதேச வகைப்பாட்டின்படி மண்டலம் (விழித்திரையில் நோய் இருக்கும் இடம்), நிலை (அதன் தீவிரம்), பிளஸ் நோய் (இரத்தக் குழாய்கள் விரிந்து முறுக்கிக்கொள்வது) ஆகியவற்றை நீங்கள் எழுதி, பிறகு மூத்த மருத்துவர் அதே கண்ணைப் பார்த்து ஒப்பிட வேண்டும். அகலக் கோணக் கேமரா இருந்தால் இந்த ஒப்பீடு எளிதாகும். எல்லைக்கோட்டில் நிற்கும் குழந்தையைத் தவறாக எடைபோட்டால் தாமதத்துக்கு இடமே இல்லை: முதல் மண்டலத்தில் பிளஸ் நோயோடு எந்த நிலை இருந்தாலும், பிளஸ் இல்லாமல் மூன்றாம் நிலை இருந்தாலும், இரண்டாம் மண்டலத்தில் பிளஸ் நோயோடு 2 அல்லது 3ஆம் நிலை இருந்தாலும் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சை நடக்க வேண்டும்.

இங்கே ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: ஆர்.ஓ.பி.க்கு லேசர் செய்கிறீர்களா, கண்ணுக்குள் மருந்து செலுத்தும் ஊசி மட்டும்தானா? ஊசி போடுவது கைக்கு எளிது. ஆனால் ஊசிக்குப் பிறகு நோய் பல வாரங்கள் தாண்டியும் திரும்பத் தலைதூக்கும். நீண்ட கண்காணிப்புக்குப் பெற்றோர் வர முடியாத குடும்பங்களில் லேசர்தான் பாதுகாப்பு. லேசர் கற்காமல் வெளியே வருபவர் கையில் பாதி ஆயுதமே இருக்கும். பரிசோதனையின்போது இதயத்துடிப்பையும் ஆக்சிஜன் அளவையும் பார்த்துக்கொள்ள ஒரு செவிலியர் உடன் நிற்கிறாரா, கன்னத்தில் வழியும் சொட்டு மருந்தை உடனே துடைக்கிறார்களா என்பதையும் கவனியுங்கள். ஒரு கிலோ எடையுள்ள குழந்தைக்கு அந்த வழிந்த துளியும் மருந்துதான்.

பிறவிக் கண்புரையில் கால அளவு கடுமையானது. பார்வையை அடைக்கும் அளவு அடர்ந்த புரை ஒரு கண்ணில் மட்டும் இருந்தால் ஏறக்குறைய 6 வார வயதுக்குள், இரு கண்ணிலும் இருந்தால் 8 வார வயதுக்குள் அறுவையை முடிக்கப் பார்க்கிறோம். 4 வாரத்துக்கும் முன்பே செய்தால் பின்னாளில் கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) வரும் அபாயம் கூடுகிறது. லென்ஸின் பின்புற உறையான காப்ஸ்யூலைத் திறந்து முன்பகுதி விட்ரெக்டமியும் (கண்ணுக்குள் உள்ள கூழைச் சிறிது அகற்றுவதும்) செய்யாவிட்டால் கைக்குழந்தையில் அந்தக் காப்ஸ்யூல் அநேகமாக மங்கிவிடும். 7 மாதத்துக்கு உட்பட்ட 114 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வில், ஒரு கண் புரைக்கு உள்ளே லென்ஸ் வைத்தவர்களுக்கும் கான்டாக்ட் லென்ஸ் அணிந்தவர்களுக்கும் ஐந்து வயதளவில் பார்வையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. உள்ளே லென்ஸ் வைத்தவர்களுக்கே மறு அறுவைகள் அதிகம் தேவைப்பட்டன. எனவே கைக்குழந்தைக்குக் கான்டாக்ட் லென்ஸ் பொருத்தவும், அதைப் போடக் கழற்றத் தாய்க்குக் கற்றுத்தரவும் ஆள் இருக்கும் இடத்தில்தான் இந்தச் சிகிச்சையை முழுமையாகக் கற்க முடியும்.

வெள்ளைப் பாப்பாவோடு வரும் குழந்தைக்கு ரெட்டினோபிளாஸ்டோமா (விழித்திரைப் புற்றுநோய்) இல்லை என்று உறுதியாகும் வரை கண்ணுக்குள் ஊசியோ கத்தியோ போகக் கூடாது. இந்த ஒழுக்கத்தைத் தளர்த்தும் இடத்தில் சேராதீர்கள்.

மயக்க மருந்து நிபுணர் குழந்தைகளுக்கென்றே பயின்றவரா என்று பாருங்கள். மீடியல் ரெக்டஸைக் கொக்கியில் இழுக்கும்போது இதயத்துடிப்பு சட்டென்று விழும். அந்த நொடியில் செய்ய வேண்டியது இழுப்பை விடுவதுதான், மருந்து அதற்குப் பிறகு. மயக்கத்தில் கண் அழுத்தம் அளக்கும் குழந்தைக்கு, வாயுக்கள் அழுத்தத்தைக் குறைத்துவிடும் முன், மயங்கியவுடனே அளக்க வேண்டும். இரண்டுக்கும் அறையில் நீங்களும் மயக்க மருந்து நிபுணரும் ஒரே பேச்சில் இருக்க வேண்டும்.

தயாரிப்புக்கு நூல்களை விடக் கையைப் பழக்குங்கள். தினமும் சில குழந்தைகளுக்கு ரெட்டினோஸ்கோப்பி செய்து, வேறொருவர் எழுதிய எண்ணைப் பார்க்கும் முன் உங்கள் எண்ணை எழுதிவிடுங்கள். விலங்குக் கண்ணில் 6-0 நூலையும் தட்டை முனை ஊசியையும் கொண்டு ஸ்கிளீராவில் தைத்துப் பழகுங்கள்: தையல் முழுவதும் ஊசியின் நிழல் மேலே தெரிந்துகொண்டே இருக்க வேண்டும், மறைந்தால் ஆழம் கூடிவிட்டது. தசைப் பற்றிடத்துக்குப் பின்னால் ஸ்கிளீரா சுமார் 0.3 மி.மீ. தடிமன்தான். லாக் புக்கில் அறுவையின் பெயர், தேதியோடு அறுவைக்கு முந்தைய அளவு, திட்டமிட்ட மி.மீ., 8ஆம் வார அளவு என்று மூன்று கட்டங்களை இப்போதே போட்டு வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை உங்களோடு உட்கார்ந்து பார்ப்பதாகப் பிரிவின் பொறுப்பாளரிடம் சேரும் முன்பே ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.